சென்சார் போய்விட்டது என்று யார் சொன்னது?

“நாக் சென்சார் போயிடுச்சு, மாத்திடலாம்.”

இந்த ஒரு வரியை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன். மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரியும். பட்டறையில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஸ்கேனரைச் செருகுவார்கள். பி 0325 என்றோ பி 0327 என்றோ ஓர் எண் வரும். எண் வந்த மறு நிமிடமே தீர்ப்பும் வந்துவிடும். கார்க்காரரும் மறுபேச்சு பேசுவதில்லை. “கம்ப்யூட்டரே சொல்லுது, நாம என்ன சொல்றது?” என்று பர்ஸை எடுக்கிறார். காஞ்சிபுரத்தில் மட்டுமில்லை, ஊருக்கு ஊர் இதுதான் நடைமுறை. மெக்கானிக்கும் நம்புகிறார், கார்க்காரரும் நம்புகிறார், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவரும் நம்புகிறார்.

கம்ப்யூட்டர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவே இல்லை.

நான் இருபத்தைந்து வருடமாக ஓரிக்கைப் பக்கம் கார் எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறேன். அப்பா பிள்ளையார்பாளையத்தில் பட்டுத் தறி நெய்தவர். நெய்துகொண்டிருக்கும்போது நூல் அறுந்தால், குழியில் வைத்த காலை எடுக்காமலேயே முதலில் ஒன்று பார்ப்பார்: அறுந்தது பாவா, ஊடையா? ஊடை என்றால் நாடாவை நிறுத்தி, நூலை எடுத்து மறுபடி ஓட்டினால் முடிந்தது. பாவு என்றால் எழுந்து பின்பக்கம் போக வேண்டும்; ஆயிரக்கணக்கான இழைகளுக்குள் அறுந்த ஒற்றை இழையின் இரண்டு முனைகளையும் தேடிப் பிடித்து முடிந்து, விழுதிலும் அச்சிலும் அதற்குரிய கண்ணில் கோத்து இழுக்க வேண்டும். இரண்டுமே நூல் அறுந்த கதைதான். ஆனால் எது அறுந்தது என்று தெரியாமல் கையை வைப்பவரைத் தறியில் உட்கார விடமாட்டார்கள். அந்தப் பழக்கம் உள்ள ஊரில், ஒரு எண்ணைப் பார்த்தவுடன் ஒரு பொருளைக் கழற்றி எறிகிறோம் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த எண்ணைக் கொஞ்சம் பொறுமையாகப் படிப்போம். ‘பி’ என்றால் இன்ஜினும் கியரும் சேர்ந்த பகுதி. அடுத்த பூஜ்யம், இது எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான ‘கோடு’, அதாவது குறியீட்டு எண், என்பதற்கான அடையாளம். அந்த இடத்தில் 1 இருந்தால் அந்தந்தக் கம்பெனி தனக்கென வைத்துக்கொண்ட கோடாக இருக்கும். மூன்று என்பது பற்றவைப்பு சார்ந்த பகுதி. கடைசி இரண்டு எண்கள்தான் குறிப்பான புகார். அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ. வகுத்த பட்டியல் இது. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்து இந்த முறை கட்டாயம். நம் நாட்டில் பி.எஸ். 4 காலத்தில், 2013 ஏப்ரலிலிருந்து கார்களுக்கு முழுமையாக வந்தது.

அந்தப் பட்டியலில் பி 0325க்கு எழுதியிருக்கும் பெயர் ‘நாக் சென்சார் 1 சர்க்யூட்’. கடைசியில் நிற்கிற ‘சர்க்யூட்’ என்ற சொல்லில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. நம் பட்டறைகளில் அந்தச் சொல் மட்டும் காணாமல் போய்விடுகிறது. சர்க்யூட் என்றால் சென்சார், அதை இன்ஜினோடு பிடித்திருக்கும் போல்ட், அதிலிருந்து கிளம்பும் வயர், வயரைச் சுற்றிய ஷீல்டு, நடுவில் இருக்கும் கப்ளர், எர்த், கடைசியில் கம்ப்யூட்டரின் பின் வரை மொத்தப் பாதையும். அந்தப் பாதையில் எங்கோ கோளாறு என்பதுதான் புகார். எங்கே என்று அது சொல்லவில்லை; அதற்குத் தெரியவும் தெரியாது.

0325க்கு அடுத்து நான்கு தம்பிகள் இருக்கிறார்கள். 0326 என்றால் சிக்னல் வருகிறது, ஆனால் வர வேண்டிய அளவிலோ விதத்திலோ இல்லை. 0327 என்றால் சிக்னல் மிகக் குறைவு. 0328 என்றால் மிக அதிகம். 0329 என்றால் விட்டு விட்டு வருகிறது. ஐந்தும் ஐந்து வெவ்வேறு புகார்கள். ஐந்துக்கும் ஒரே வைத்தியம் சொல்பவர் எண்ணைப் படிக்கவில்லை, அதில் ‘நாக்’ என்ற சொல்லை மட்டும் படித்திருக்கிறார்.

இன்னொரு பெரிய குழப்பம் இங்கிருந்தே கிளம்புகிறது. நாக் கோடு வந்தால் இன்ஜின் ‘அடிக்கிறது’ என்று பலர் பயந்து ஓடி வருகிறார்கள். நேர் எதிர். இன்ஜின் உண்மையிலேயே அடித்தால் பொதுவாக இந்தக் கோடு வராது. கம்ப்யூட்டர் அந்தச் சத்தத்தைக் கேட்கும், பிளக் பொறி விடும் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், சத்தம் நின்றால் மெல்ல முன்னுக்குக் கொண்டுவரும். அது அதன் அன்றாட வேலை. அதற்காக விளக்கை எரியவைக்காது. தனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று சந்தேகம் வரும்போதுதான் இந்தக் கோட்டைப் போடுகிறது.

அந்தக் காது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். பெட்ரோல் இன்ஜினில் பிளக் பொறி விட்டதும் தீ ஓரிடத்தில் தொடங்கி வரிசையாகப் பரவ வேண்டும். தீ வந்து சேர்வதற்கு முன்பே, ஓரத்தில் அழுத்தத்திலும் சூட்டிலும் இருக்கும் மிச்சக் கலவை தானாகவே பற்றிக்கொண்டால் சிலிண்டருக்குள் அழுத்த அலை சுவருக்குச் சுவர் மோதும். அதுதான் மேட்டில் ஏறும்போது கேட்கும் ‘டிக் டிக்’ உலோகச் சத்தம். நீடித்தால் பிஸ்டன் ஓட்டையாகும். சிலிண்டரின் அகலத்தைப் பொறுத்து அந்த அதிர்வின் சுருதி மாறும். நம் ஊர்ச் சின்னக் கார்களுக்கு அது நொடிக்கு ஏறக்குறைய 7,000 முதல் 8,000 அதிர்வு வரை.

அம்பாசடர் காலத்தில் இந்தச் சத்தத்துக்கு மெக்கானிக்கின் காதுதான் சென்சார். டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் லேசாகத் திருப்பி, வண்டியை ஓட்டிப் பார்த்து, லேசாக டிக் டிக் கேட்கும் இடத்திலிருந்து ஒரு நூல் பின்னுக்குத் திருப்பி இறுக்குவார்கள். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்ட பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஸ்க்ரூ டிரைவர்தான் இன்றைய நாக் சென்சார். அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் ஒரு வகைப் பீங்கான் வில்லை உள்ளே இருக்கிறது. வீட்டு அடுப்பங்கரையில் பேட்டரி இல்லாத கேஸ் லைட்டரை அழுத்தினால் பொறி பறக்கிறதே, அதே தத்துவம். இன்ஜின் பிளாக்கில் ஒரு போல்ட்டால் இறுக்கியிருப்பார்கள். பிளாக் அதிர்ந்தால் வில்லை நசுங்கி மிகச் சிறிய மின்னழுத்தம் வரும். கம்ப்யூட்டர் எல்லா நேரமும் அதைக் கேட்பதில்லை. ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் மேலே போய்த் திரும்பி இறங்கும் குறிப்பிட்ட சில டிகிரிகளுக்குள் மட்டும் காதைத் திறந்து வைக்கிறது. 3,000 ஆர்.பி.எம்மில் ஒரு முழுச் சுற்றுக்கே 20 மில்லி செகண்டுதான்.

இப்படி மெல்லிய ஒரு குரலைக் கேட்கும் பொருளுக்கு, அது எப்படி இறுக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் உயிர். பாஷ் கம்பெனி தன் நாக் சென்சார்களுக்குக் கொடுத்திருக்கும் அளவு 20 நியூட்டன் மீட்டர், ஐந்து கூடலாம் குறையலாம். ஒரு மீட்டர் கம்பியின் நுனியில் 2 கிலோவைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கம். வாஷர் எதுவும் போடக் கூடாது. சென்சார் உட்காரும் இடம் துரு, பெயின்ட், அழுக்கு இல்லாத வெறும் உலோகமாக இருக்க வேண்டும். தளர்ந்தால் சென்சாருக்குக் கேட்காது. அளவுக்கு மீறி இறுக்கினாலும் சிக்னல் மாறிப்போகும். எத்தனை பட்டறைகளில் டார்க் ரெஞ்ச் இருக்கிறது? இருக்கும் இடத்திலும் அது ஹெட் போல்ட்டுக்கு மட்டும்தான் வெளியே வருகிறது. இதே பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார்கள் லைனில் வரும்போது ஒவ்வொரு முக்கிய போல்ட்டுக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண் ஃபேக்டரி கேட்டைத் தாண்டியதும் மறந்துபோகிறது.

சென்ற ஐப்பசியில் ஒரு வாடகைக் கார் வந்தது. சென்னையிலிருந்து கல்யாணப் பட்டு எடுக்க வரும் குடும்பங்களைக் காந்தி ரோட்டில் இறக்கி ஏற்றும் பெட்ரோல் கார். “அண்ணே, நாலு மாசத்துல ரெண்டு சென்சார் மாத்திட்டேன். ஏசி போட்டா பாலத்துல ஏறவே மாட்டேங்குது. மைலேஜும் போச்சு” என்றார் டிரைவர் தம்பி. வேறு ஓர் ஊரில் இரண்டு இடங்களில் வேலை நடந்திருக்கிறது. இரண்டு பில்களையும் வைத்திருந்தார். கழற்றிய இரண்டு சென்சார்களையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு டேஷ்போர்டில் வைத்திருந்தார். அந்தக் கவரைப் பார்த்ததும் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது. பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு.

பில்களை மேசையில் விரித்துப் பார்த்தேன். முதல் பில்லின் ஓரத்தில் பேனாவால் பி 0327. இரண்டாவது பில்லில் பி 0326. இப்போது நான் ஸ்கேன் போட்டபோதும் 0326. “ரெண்டு தடவையும் அதே நாக் கோடுதாண்ணே” என்றார் தம்பி. அதே கோடு இல்லை. ஏழு ஆறாகியிருக்கிறது. நான்கு மாதம், இரண்டு பட்டறை, இரண்டு சென்சார். அந்த ஏழு ஆறானதை ஒருவரும் பார்க்கவில்லை.

பானெட்டைத் திறந்து டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்து உள்ளே பார்த்தேன். சென்சார் வயரில் கப்ளருக்கு ஒரு சாண் தள்ளி கறுப்பு டேப் சுற்றியிருந்தது. பிரித்தால் உள்ளே எலி கடித்த தடம்; இரண்டு வயரையும் முறுக்கி டேப் அடித்திருந்தார்கள். ஷீல்டு அறுந்தபடியே கிடந்தது. முதலில் வந்த 0327க்குக் காரணம் இதுதான். எலி கடித்ததில் சிக்னல் வயர் ஷீல்டைத் தொட்டு, குரல் எர்த்தில் இறங்கியிருக்கிறது. முதல் பட்டறைக்காரர் வயரைப் பார்த்து முறுக்கி டேப் அடித்தபோதே உண்மையான வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஆனால் கோடு ‘நாக் சென்சார்’ என்று வந்ததால் சென்சாரையும் மாற்றினார். கோடு போனது. பேர் சென்சாருக்குப் போனது.

அடுத்து சென்சாரின் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தேன். கால் சுற்றுக்கு எதிர்ப்பே இல்லாமல் திரும்பியது. கழற்றினால் சென்சாருக்கும் பிளாக்குக்கும் நடுவே ஒரு ஸ்ப்ரிங் வாஷர், இன்ஜின் அதிர்வில் தளரக் கூடாது என்று நல்லெண்ணத்தில் யாரோ போட்டது. வாஷர் உட்கார்ந்த இடத்தில் துரு வளையம். முழு முகமும் பிளாக்கில் படிய வேண்டிய சென்சார், பிளவுபட்ட ஒரு வளையத்தின் மேல் நொண்டிக்கொண்டு நின்றது. அதற்கு எப்படிக் கேட்கும்? 0326 சொன்னது அதைத்தான்: குரல் வருகிறது, ஆனால் இது இன்ஜினின் குரல் மாதிரி இல்லை. இரண்டாவது பட்டறையில் சென்சாரை மட்டும் புதிதாக்கி, அதே வாஷரைப் பத்திரமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

வாஷரை எடுத்துவிட்டு, இடத்தை நைசாகத் தேய்த்துத் துடைத்து, அளவாக இறுக்கினேன். டேப் போட்ட இடத்தை வெட்டி ஷீல்டு உள்ள வயரைச் சாலிடர் வைத்து இணைத்தேன். ஸ்கேனரில் டைமிங் ஓடும் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு பாலாற்றுப் பாலம் வரை இருவரும் போய்வந்தோம். பாலத்தில் ஏறும்போது டைமிங் அசைந்து கொடுத்தது, அடங்கியது, மறுபடி முன்னேறியது. கேட்கிற காது அப்படித்தான் நடந்துகொள்ளும்.

இனி எதிர்ப்பக்கத்து நியாயத்துக்கு வருகிறேன். அவர்களிடம் வலுவான வாதம் ஒன்று உண்டு: “வயரைத் தேடி அரை நாள் உட்கார்ந்தால் லேபர் யார் தருவார்? சென்சார் போட்டால் பத்தில் சில வண்டி சரியாகிவிடுகிறது. கஸ்டமருக்கும் அதுதான் லாபம்.” நேர்மையாகச் சொல்கிறார்கள், நேர்மையாகவே பதில் சொல்கிறேன். சரியான சில வண்டிகளில் எத்தனை சென்சாரால் சரியானது? சென்சாரை மாற்றும்போது கப்ளரைக் கழற்றிச் செருகுகிறீர்கள். பின்னில் படிந்த பச்சை உரசிப் போகிறது. போல்ட்டைக் கழற்றி மறுபடி இறுக்குகிறீர்கள். கிடந்த வயர் நகர்கிறது. கோடும் அழிக்கப்படுகிறது. பார்ட்டை மாற்றுவதற்குள் நான்கைந்து மருந்து கொடுத்துவிட்டு, நோய் போனது எந்த மருந்தால் என்று எப்படித் தெரியும்? பழைய சென்சாரையே கழற்றித் துடைத்துப் போட்டிருந்தாலும் சரியாகியிருக்கும் வண்டிகள் அதில் எத்தனை என்று யாரும் பார்த்ததில்லை, ஏனென்றால் யாரும் பழைய சென்சாரைச் சோதித்ததில்லை. அரை நாள் என்பதும் மிகை. கப்ளரைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம். மல்டிமீட்டரில் சென்சாரையும் வயரையும் பார்க்கப் பத்து நிமிடம். பல இன்ஜின்களில் சென்சார் இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே இருக்கிறது. மேனிஃபோல்டைக் கழற்றும் நேரத்தில் மூன்று வண்டிகளின் வயரைச் சோதித்துவிடலாம்.

ஒரு பெரிய கம்பெனியே இந்தப் பாடத்தைப் படித்த கதை உண்டு. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் லாரி, ஜீப் வகை வண்டிகளின் வி8 இன்ஜின்களில் இரண்டு நாக் சென்சார்களும் மேனிஃபோல்டுக்கு அடியில், நடுப்பள்ளத்தில் குழிக்குள் இருந்தன. மேலிருந்து வழியும் தண்ணீர் குழியில் இறங்கி சென்சார் துருப்பிடிக்கும். முதல் சென்சாருக்கு 0327, இரண்டாவதுக்கு 0332 என்று கோடுகள் வரும். அங்கே சென்சார் கெட்டது உண்மை. ஆனால் சென்சாரை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்கு அதுவும் போகும். அதனால்தான் அந்த வேலைக்கு வயரிங்கையும் சேர்த்து மாற்றி, குழியைச் சுற்றி ரப்பர் பசையால் வரப்புக் கட்டித் தண்ணீரைத் திருப்பிவிடும்படி கம்பெனியே வழி சொன்னது. நோய் சென்சாரில் தெரிந்தது, காரணம் மேலே வழிந்த தண்ணீரில் இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த மாவட்டம் நம்முடையது. தண்ணீரில் நின்ற வண்டிகளின் கப்ளர்களுக்குள் என்ன நடந்தது என்று எலக்ட்ரீஷியன்கள் வருடக்கணக்கில் பார்த்தோம். நம் ஊரில் எலி, தண்ணீர், துரு மூன்றையும் கேட்காமல் சென்சாரைக் குற்றவாளியாக்குவது நியாயமே இல்லை.

இப்போது புதிதாக இன்னொரு குற்றவாளி கிடைத்திருக்கிறது: இ20 பெட்ரோல். “எத்தனால் கலந்த பெட்ரோல்தான் நாக் சென்சாரை அடிக்குது” என்று வாரம் ஒருவராவது என்னிடம் சொல்கிறார். எத்தனால் கலப்புமேல் மக்களுக்கு இருக்கும் குறைகளில் உண்மையானவை உண்டு. பெட்ரோலைவிட எத்தனாலில் சக்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆகவே மைலேஜ் குறையும். பழைய வண்டிகளின் ரப்பர், சீல் பற்றிய கவலையும் நியாயமானதே. ஆனால் நாக் விஷயத்தில் எத்தனால் எதிரி இல்லை, நண்பன். அதன் ஆக்டேன் எண் 108ஐ ஒட்டியது. நம் சாதாரண பெட்ரோலுக்கு 91 என்று இருந்த அளவு, இ20க்கு 95 என்றானது. ஆக்டேன் ஏறினால் தானாகப் பற்றிக்கொள்ளும் குணம் குறையும். ஆவியாகும்போது எத்தனால் கூடுதலாகக் குளிரவும் வைக்கும். இ20 ஒரு வண்டிக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கலவை மெலிந்திருக்கிறது என்று சொல்லும் பி 0171 போன்ற கோட்டை எதிர்பார்க்கலாம். பங்க்கில் தண்ணீர் கலந்து எத்தனால் அடியில் பிரிந்துபோன பெட்ரோல் போட்டால் உண்மையிலேயே இன்ஜின் அடிக்கக்கூடும். அப்போதும் கம்ப்யூட்டர் டைமிங்கை இழுக்கும், சர்க்யூட் கோடு போடாது. அரசின் எரிபொருள் கொள்கையை எதிர்க்க வேண்டியவர்கள் சரியான காரணத்தோடு எதிர்க்கட்டும். எலி கடித்த வயரை டெல்லி கணக்கில் எழுத வேண்டாம்.

விளக்கு எரிந்தால் எரியட்டும், வண்டிதான் ஓடுகிறதே என்று விடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. காது கேட்கவில்லை என்று தெரிந்ததும் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காக டைமிங்கை நிரந்தரமாகப் பின்னுக்குத் தள்ளிவிடும். பிக்கப் போகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், சைலன்சர் பக்கம் சூடு ஏறும். அந்தத் தம்பியின் கார் பாலத்தில் ஏறாததற்கு அதுதான் காரணம். இதைவிட மோசமான தந்திரம் ஒன்றும் நடக்கிறது. சென்சாருக்குப் பதில் கப்ளரில் ஒரு ரெசிஸ்டரைச் செருகி, சென்சார் இருக்கிற மாதிரி கம்ப்யூட்டரை நம்பவைப்பது. விளக்கு அணையும். அதன் பிறகு இன்ஜின் உண்மையிலேயே அடித்தாலும் கேட்க ஆள் இல்லை, கேட்கவில்லை என்று சொல்லவும் ஆள் இல்லை. இதைச் செய்பவர் கஸ்டமரின் பிஸ்டனைப் பணயம் வைக்கிறார்.

நாக் சென்சார் தரும் காவலின் மதிப்பு தெரிய வேண்டுமென்றால் அது இல்லாத காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1921இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த தாமஸ் மிட்ஜ்லி, பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தால் இந்தச் சத்தம் அடங்கும் என்று கண்டுபிடித்தார். உலகமே பல தலைமுறை அந்த ஈயப் புகையைச் சுவாசித்தது. நம் நாட்டில் 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது. நாடு முழுவதும் ஈயம் நின்றது 2000 பிப்ரவரியில். ஈயம் செய்த வேலையில் ஒரு பங்கை இன்று விஷமில்லாமல் செய்கிறது அந்தச் சின்ன வில்லை. அதை ரெசிஸ்டர் வைத்து ஊமையாக்குவதை என்னால் ஏற்கவே முடியாது.

மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்லி முடித்தால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவன் ஆவேன். எந்த வயர் எந்தப் பின்னுக்குப் போகிறது, சென்சாரில் எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் சாலையோரப் பட்டறைக்காரருக்கு யார் சொல்கிறார்கள்? டொயோட்டாவின் ஒரு வகை சென்சாரில் 200 கிலோ ஓம் பக்கம் காட்ட வேண்டும். வேறு கம்பெனி சென்சாரில் மெகா ஓம் கணக்கில் காட்டும். இந்த அளவு தெரியாமல் மல்டிமீட்டரைப் பிடித்து என்ன பயன்? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012இலேயே இந்தத் தகவல்களை வெளிப் பட்டறைகளுக்கும் கொடுக்கும்படி சட்டம் போட்டது. நம் நாட்டில் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான தளம் ஒன்றைத் தொடங்கியது. கார்களும் அதில் உண்டு. ஆனால் வயரிங் படம் இன்னும் எங்கள் கைக்கு வந்து சேரவில்லை. படம் இல்லாதவர் யூகிக்கிறார், யூகத்தில் மலிவானது பார்ட்டை மாற்றுவது. இந்தப் பழக்கத்தில் கார் கம்பெனிகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

ஆனாலும் படம் இல்லாமல் செய்யக்கூடியது நிறைய உண்டு என்பதை நான் விடமாட்டேன். கோட்டின் கடைசி எண்ணைப் படிக்க எந்தப் படமும் வேண்டாம். கோடு வந்த நேரத்தில் இன்ஜின் சூடு எவ்வளவு, ஆர்.பி.எம். எவ்வளவு என்று ஸ்கேனர் சேமித்து வைத்திருப்பதை அழிப்பதற்கு முன் பார்த்துவிட வேண்டும். பலர் முதல் வேலையாக அதைத்தான் அழிக்கிறார்கள். கப்ளரைத் திறந்து பின்னில் பச்சையோ எண்ணெயோ இருக்கிறதா, வயரை ஆட்டினால் சிக்னல் துள்ளுகிறதா, சென்சாருக்குப் பக்கத்தில் பிளாக்கை லேசாகத் தட்டினால் மீட்டரில் அசைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தளர்ந்த பிராக்கெட்டோ தேய்ந்த பேரிங்கோ சத்தம் போட்டு சென்சாரைக் குழப்புகிறதா என்று கேட்க வேண்டும். இவ்வளவும் பார்த்த பிறகும் சென்சார்தான் என்றால், தாராளமாக மாற்றுங்கள். கெட்ட சென்சார்களும் உலகத்தில் உண்டு. நான் எதிர்ப்பது பார்க்காமல் மாற்றுவதை.

கார்க்காரர்களிடமும் கேட்கிறேன். பட்டுக் கடையில் புடவையை விரித்ததும் சரிகை அசலா என்று கேட்கிறீர்கள். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு இழையைக் கீறி, உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்க்கிறீர்கள். லேபிளை மட்டும் நம்பிப் புடவை எடுத்தவர் வீட்டில் பேச்சுக் கேட்பார். அந்தக் கேள்வியில் ஒரு பங்கைப் பட்டறையிலும் கேளுங்கள்: கோட்டின் முழு எண் என்ன, வயரைப் பார்த்தீர்களா, பழைய சென்சாரைச் சோதித்தீர்களா, அதை என்னிடம் தருவீர்களா? கேட்டால் கோபப்படுகிற மெக்கானிக்கும் உண்டு. முகம் மலர்ந்து மீட்டரை எடுத்துக் காட்டுகிற மெக்கானிக்கும் உண்டு. அவர் எங்கே இருக்கிறார் என்பது இந்தக் கேள்விகளைக் கேட்டால்தான் தெரியும்.

பாலத்திலிருந்து திரும்பி வந்ததும் டிரைவர் தம்பியின் கவரிலிருந்த இரண்டு சென்சார்களையும் என் மேசையில் வைத்தேன். வண்டியில் இருந்ததும் சேர்த்து மூன்று. மூன்றும் ஒரே மாடல். முதலில் ஓம் பார்த்தேன். மூன்றும் ஒரே அளவைக் காட்டின. பிறகு ஒவ்வொன்றையும் வைஸில் கடித்து, ஸ்கோப்பை இணைத்து, சின்னச் சுத்தியலால் வைஸைத் தட்டினேன். கம்பெனியிலிருந்து வண்டியோடு வந்த முதல் சென்சார், நான்கு மாதத்துக்கு முன் ‘போய்விட்டது’ என்று கழற்றப்பட்டது, திரையில் ஒரு நல்ல உயரமான அலையை எழுப்பி அடங்கியது. இன்னொரு முறை தட்டச் சொன்னார் தம்பி. தட்டினேன். மறுபடி அதே அலை. அவர் இரண்டு பில்களையும் மடித்து அதே கவரில் போட்டு, முதல் சென்சாரை மட்டும் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.